ஆட்டோகிளேவுக்குள் போய் வந்த கருவியில் கிருமி எப்படி மிஞ்சுகிறது?

அறுவை சிகிச்சைக்குப் பிறகோ பல் சிகிச்சைக்குப் பிறகோ ஒரே இடத்தில் பலருக்குத் தொற்று வந்தது என்று செய்தி வந்தால், கூடவே இரண்டு தகவல்கள் வந்து மோதிக்கொள்ளும். மறுபடி பயன்படுத்திய கருவிகள் காரணமாக இருக்கலாம் என்று விசாரித்தவர்கள் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் இயந்திரத்தில், வைத்துத்தான் எடுத்தோம் என்று சிகிச்சை அளித்தவர்கள் சொல்வார்கள். படிப்பவருக்கு, யாரோ பொய் சொல்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் இரண்டுமே உண்மையாக இருக்க வாய்ப்புண்டு. ஆட்டோகிளேவ் என்பது ஒரு நீண்ட வேலைத்தொடரின் பிற்பகுதி மட்டும்தான். முன்னால் நடக்கும் கழுவல் கெட்டிருந்தால், இயந்திரம் தன் வேலையை ஒழுங்காகச் செய்த பிறகும் கருவி ஆபத்தானதாகவே வெளியே வரும்.

அது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

மூன்று நிலைகள்

ஒரு கத்தரியோ ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியோ ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவருக்குப் போவதற்குள் நடக்க வேண்டியவற்றை மூன்றாகப் பிரிப்பார்கள்.

1. சுத்தம் செய்தல். இரத்தம், சளி, எலும்புத் துகள், மருந்து, உப்பு ஆகியவற்றைக் கருவியிலிருந்து பிரித்து வெளியேற்றுவது. இந்தக் கட்டத்தில் கிருமி சாக வேண்டும் என்ற அவசியம் இல்லை, கருவியை விட்டுப் போனால் போதும்.

2. கிருமிக்குறைப்பு. டிஸ்இன்ஃபெக்ஷன் என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலான நோய்க்கிருமிகள் இதில் செத்துவிடும். ஸ்போர்கள் தப்பக்கூடும். டெட்டனஸ் கிருமியைப் போன்ற சில பாக்டீரியாக்கள் நிலைமை மோசமானால் கெட்டியான உறைக்குள் ஒடுங்கிக்கொள்ளும். அந்த வடிவம்தான் ஸ்போர். கொதிநீரைக்கூட அது தாங்கும். கருவிகளைக் கொதிக்க வைப்பதை இப்போது கிருமிநீக்கமாக ஏற்பதில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

3. கிருமிநீக்கம், அதாவது ஸ்டெரிலைசேஷன். ஸ்போர் உட்பட உயிருள்ள எந்த நுண்ணுயிரியும் மிஞ்சாத நிலை.

மூன்றாவதில் ‘எதுவும் மிஞ்சாத’ என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வெப்பம் கிருமிகளை ஒரே அடியில் கொல்வதில்லை, விகிதத்தில் கொல்கிறது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் 10-ல் 9 பங்கு சாவதற்கு ஆகும் நேரத்தை டி மதிப்பு என்பார்கள். அது 2 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 10 லட்சம் ஸ்போர்கள் இருந்தால் 2 நிமிடத்தில் 1 லட்சம், 4 நிமிடத்தில் 10,000 என்று குறைந்து, 12-வது நிமிடத்தில் 1 மிஞ்சும். 14-வது நிமிடத்தில் 0.1 ஸ்போர் என்று கணக்கு வரும். அதன் பொருள், இப்படி வைத்த 10 கருவிகளில் ஒன்றில் ஒரு ஸ்போர் உயிரோடு இருக்கலாம் என்பது. இப்படியே போனால் 24-வது நிமிடத்தில் அந்த வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்றாகிறது. உலகெங்கும் கிருமிநீக்கத்துக்கு வைத்திருக்கும் அளவுகோல் இந்த 10 லட்சத்தில் ஒன்றுதான். பூஜ்யம் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

இந்தக் கணக்கிலேயே கழுவலின் முக்கியத்துவம் தெரிந்துவிடும். தொடக்க எண்ணிக்கை கூடக் கூட, அதே நேரத்தில் மிஞ்சுவதும் கூடும். அதைவிடப் பெரிய சிக்கல், வெப்பமும் ஈரமும் ஒவ்வொரு ஸ்போரையும் தொடுகின்றன என்று இந்தக் கணக்கு நம்பிக்கொள்வது. காய்ந்த இரத்தத்துக்குள்ளோ உப்புப் படிகத்துக்குள்ளோ புதைந்திருக்கும் ஸ்போருக்கு இந்தக் கணக்கு செல்லாது.

எந்தக் கருவிக்கு எந்த நிலை

எல்லாவற்றையும் கிருமிநீக்கம் செய்ய வேண்டியதில்லை. எர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்க அறிஞர் 1968-ல் முழு வடிவம் கொடுத்த வகைப்பாடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உடலில் எந்த இடத்தைக் கருவி தொடுகிறது என்பதுதான் அவர் வைத்த கேள்வி. திசுவுக்குள்ளோ இரத்த ஓட்டத்துக்குள்ளோ எலும்புக்குள்ளோ நுழைவது முதல் வகை. அதற்குக் கிருமிநீக்கம் கட்டாயம். வாய், குடல், மூச்சுக்குழல் போன்ற ஈரச் சவ்வுகளைத் தொடுவது இரண்டாம் வகை. முடிந்தால் கிருமிநீக்கம், வெப்பம் தாங்காத கருவி என்றால் உயர்நிலைக் கிருமிக்குறைப்பு. பிளவுபடாத தோலை மட்டும் தொடும் இரத்த அழுத்தப் பட்டை போன்றவை மூன்றாம் வகை; இவற்றைத் துடைத்தாலே போதும்.

கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. தொல்லை கொடுப்பது இரண்டாம் வகை. உடலுக்குள் செலுத்திப் பார்க்கும், உட்குழாய் கொண்ட என்டோஸ்கோப்கள் இந்த வகையில்தான் வருகின்றன. அவற்றைப் பற்றிக் கீழே பார்க்கலாம்.

கழுவலில்தான் பாதி முடிவாகிறது

கழுவுதல் அறுவை அறையிலேயே தொடங்க வேண்டும். கருவியில் இரத்தம் காயக் காயப் புரதம் உலோகத்தோடு இறுகிக்கொள்ளும். மத்தியக் கிருமிநீக்கப் பிரிவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து வந்து சேரும் காய்ந்த கருவி, அங்கே உள்ளவர்களின் வேலையை இரண்டு மடங்காக்கும். அதனால் பயன்படுத்திய உடனே துடைத்து, ஈரத்துணி போர்த்தியோ இதற்கென்றே உள்ள நுரையைத் தெளித்தோ அனுப்ப வேண்டும். சலைனில் ஊறப்போடுவது பலரிடம் உள்ள பழக்கம், கூடவே கூடாது. சலைன் என்பது உப்புத் தண்ணீர், அதில் உள்ள குளோரைடு எவர்சில்வரைக்கூட அரித்துக் குழி போட்டுவிடும். பிளீச் கரைசலும் அப்படித்தான்.

கழுவலில் அடிக்கடி சறுக்கும் இடங்கள் இவை:

1. தண்ணீரின் சூடு. சூடான தண்ணீர் நன்றாகக் கழுவும் என்று நினைப்போம். ஏறக்குறைய 45 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரத்தப் புரதம் உறைந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் அலசல் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில்தான் இருக்க வேண்டும்.

2. என்சைம் திரவம். புரதத்தை உடைக்க ஒரு என்சைம், கொழுப்புக்கு ஒன்று, மாவுப்பொருளுக்கு ஒன்று என்று இதில் கலந்திருக்கும். எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு, என்ன சூட்டில், எத்தனை நிமிடம் என்பதெல்லாம் புட்டியிலேயே எழுதியிருக்கும். கண்ணளவாக ஊற்றும் இடங்களில் திரவம் நீர்த்துப் போயிருக்கும், அல்லது காலையில் கரைத்தது மாலை வரை கிடக்கும். இரத்தம் கலந்து நிறம் மாறிய கரைசலில் கருவியைப் போட்டால் அழுக்கை இடம் மாற்றியதாகத்தான் ஆகும்.

3. தேய்ப்பு. நைலான் தூரிகையால், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்துத் தேய்க்க வேண்டும். மேலே வைத்துத் தேய்த்தால் திவலைகள் தேய்ப்பவரின் முகத்துக்கு வரும். கம்பித் தூரிகையும் இரும்பு நாரும் உலோகத்தைக் கீறிவிடும். கீறலில் அடுத்த முறை அழுக்கு தங்கும். உட்குழாய் உள்ள கருவிக்கு அந்தக் குழாயின் விட்டத்துக்கு ஏற்ற தூரிகை வேண்டும். சிறியதாக இருந்தால் சுவரைத் தொடாது, பெரியதாக இருந்தால் மயிர் மடங்கிக்கொள்ளும்.

4. மூட்டு. கத்தரி, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் எல்லாவற்றையும் திறந்த நிலையில்தான் கழுவ வேண்டும். பிரிக்கக்கூடியதைப் பிரிக்க வேண்டும். மூடிய மூட்டுக்குள் தங்கும் அழுக்கு வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

5. கடைசி அலசல். தாது நீக்கிய தண்ணீரில் அலச வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள கால்சியம் வெண்புள்ளிகளாகவும், சிலிக்கேட் மஞ்சள் பழுப்பிலிருந்து நீலம் வரை வானவில் நிறப் படலமாகவும் படியும். குளோரைடு இருந்தால் கறையோடு நிற்காது, துருவில் போய் முடியும்.

கைக்கு எட்டாத இடுக்குகளுக்கு அல்ட்ராசோனிக் கழுவி உதவும். ஒலியலைகள் நீருக்குள் கோடிக்கணக்கான நுண்குமிழிகளை உண்டாக்கி உடைக்கின்றன, அந்த உடைப்பின் வேகம் அழுக்கைப் பெயர்க்கிறது. புதிதாக நிரப்பிய தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று அந்த வேகத்தைத் தணித்துவிடும். அதனால் கருவி எதுவும் போடாமல் சில நிமிடங்கள் ஓட்டி முதலில் காற்றை வெளியேற்ற வேண்டும். இயந்திரம் வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: மெல்லிய அலுமினியத் தாளைத் தொங்கவிட்டால், சிறிது நேரத்தில் அதில் சீராகக் குழிகளும் ஓட்டைகளும் விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் அல்ட்ராசோனிக்கின் ஒரு பகுதி செத்துவிட்டது என்று பொருள்.

வசதியுள்ள இடங்களில் கழுவிக் கிருமி குறைக்கும் தானியங்கி இயந்திரங்கள் இருக்கின்றன. குளிர்ந்த அலசல், சோப்புக் கழுவல், அலசல், 90 டிகிரியில் சில நிமிட வெந்நீர், உலர்த்தல் என்று எல்லாமே ஒரே ஓட்டத்தில் நடந்துவிடும். கையால் கழுவுவதைவிட இதன் மேன்மை சுத்தத்தின் அளவில் மட்டும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்கும், பதிவும் மிஞ்சும். மனிதக் கையால் காலை 9 மணிக்கும் இரவு 9 மணிக்கும் ஒரே மாதிரி தேய்க்க முடியாது.

அப்புறம் பார்வையிடல். வெளிச்சமும் உருப்பெருக்கியும் வைத்து மூட்டு, பல், நுனி எல்லாம் பார்க்க வேண்டும். அழுக்கு தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. கண்ணுக்குத் தெரியாத புரதத்தைக் கண்டுபிடிக்க நிறம் மாறும் சோதனைக் குச்சிகளும் இருக்கின்றன.

நீராவி எப்படிக் கொல்கிறது

பாஸ்டரின் ஆய்வகத்தில் வேலை பார்த்த சார்ல்ஸ் ஷாம்பர்லான் 1879-ல் உருவாக்கிய ஆட்டோகிளேவின் அடிப்படை இன்றும் மாறவில்லை. தண்ணீரை அழுத்தத்தில் கொதிக்கவைத்தால் நீராவி 100 டிகிரிக்கு மேல் போகும். வளிமண்டலத்தைப் போல் ஏறக்குறைய 2 மடங்கு அழுத்தத்தில் 121 டிகிரி, 3 மடங்கு அழுத்தத்தில் 134 டிகிரி.

இங்கே கொல்வது வெறும் சூடு இல்லை. 121 டிகிரியில் சூடாக இருக்கும் அடுப்பின் காற்றுக்குள் ஒரு நொடி கையை நீட்டி எடுத்துவிடலாம், அதே சூட்டில் நீராவி பட்டால் தோல் வெந்துவிடும். காரணம் உள்ளுறை வெப்பம். ஒரு கிராம் நீராவி தண்ணீராக மாறும்போது 500 கலோரிக்கு மேல் வெப்பத்தை ஒரேயடியாகக் கொட்டுகிறது. குளிர்ந்த கருவியைத் தொட்ட நீராவி அங்கேயே நீராகி, வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, நூற்றுக்கணக்கான மடங்கு சுருங்குகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பப் புது நீராவி ஓடி வருகிறது. ஈரமும் வெப்பமும் சேர்ந்து கிருமியின் புரதங்களை உறையவைத்து அழிக்கின்றன. ஈரமில்லாத உலர்வெப்பத்தில் இதே வேலைக்கு 160 டிகிரியில் 2 மணி நேரம் அல்லது 170 டிகிரியில் 1 மணி நேரம் ஆகிறது. நீராவியில் 121 டிகிரியில் 15 நிமிடம், 134 டிகிரியில் 3 நிமிடம் என்பதுதான் அடிப்படை அளவு. பொதிந்த கருவிகளுக்கும் இயந்திர வகைக்கும் ஏற்ப இது கூடும்.

இந்த நிமிடக்கணக்கு உள்ளே இருக்கும் கருவி அந்த வெப்பத்தை அடைந்த பிறகு தொடங்குவது. சுவிட்ச் போட்டதிலிருந்து எண்ணக்கூடாது.

நீராவியின் எதிரி காற்று. அறைக்குள் காற்று மிஞ்சியிருந்தால் அது கருவிக்கும் நீராவிக்கும் நடுவே திரைபோல நிற்கும். இன்னொரு ஏமாற்றும் இதில் உண்டு: காற்றும் நீராவியும் கலந்திருந்தால் அழுத்தமானி சரியான அளவைக் காட்டும், ஆனால் வெப்பநிலை அந்த அளவுக்கு ஏறியிருக்காது. அழுத்தத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடைபவர் இங்கே ஏமாறுவார்.

காற்றை வெளியேற்ற இரண்டு வழிகள். எளிய இயந்திரங்களில் நீராவி மேலே சேரும், கனமான காற்று கீழே உள்ள துளை வழியாகத் தானே வெளியேறும். பொதியாத, திடமான கருவிகளுக்கு இது போதும். உட்குழாய் உள்ளவற்றிலும் பொதிந்த கருவிகளிலும் காற்று சிக்கிக்கொள்ளும். அவற்றுக்கு வெற்றிடப் பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சி, நீராவி செலுத்தி, மறுபடி உறிஞ்சும் இயந்திரம் வேண்டும். சிறிய ஆட்டோகிளேவ்களுக்கான ஐரோப்பியத் தரவிதி முதல் வகையை ‘என்’ (N) வகுப்பு என்றும், இரண்டாவதை ‘பி’ (B) வகுப்பு என்றும் பிரிக்கிறது. இரண்டுக்கும் நடுவே, உற்பத்தியாளர் குறிப்பிடும் கருவிகளுக்கு மட்டுமான ‘எஸ்’ (S) வகுப்பும் உண்டு. ‘என்’ வகுப்பு இயந்திரத்தில், பவுச் என்ற காகித உறையில் போட்ட, பல்லைத் துளைக்கும் ஹேண்ட்பீஸை வைத்து எடுப்பது பரவலாக நடக்கும் தவறு. இயந்திரம் பழுதில்லை, பொருள்தான் அதற்கானது இல்லை.

அடுக்குவதிலும் கெடலாம். பவுச்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்தால் நடுவே உள்ளவற்றுக்கு நீராவி போகாது. செங்குத்தாக, இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். முடிந்ததும் ஈரமாக வெளியே வரும் பவுச்சையும் ஏற்கக் கூடாது. ஈரக் காகிதம் வழியாக வெளியில் உள்ள கிருமி உள்ளே ஊர்ந்துவிடும். அவசரத்தில் உலர்த்தும் கட்டத்தைப் பாதியில் நிறுத்திக் கதவைத் திறப்பவர்கள் அதற்கு முன் செய்த வேலை எல்லாவற்றையும் வீணாக்குகிறார்கள்.

வெப்பம் தாங்காதவற்றுக்கு

பிளாஸ்டிக், கேமரா, மின்சுற்று உள்ள கருவிகளை நீராவியில் வைக்க முடியாது. எத்திலீன் ஆக்சைடு வாயு குறைந்த வெப்பத்தில் நீண்ட உட்குழாய்க்குள்ளும் ஊடுருவும். ஆனால் அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, எளிதில் தீப்பற்றும். கருவியில் ஊறிய வாயு வெளியேறவே பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு முறை வேகமானது, தண்ணீரும் ஆக்சிஜனுமாகச் சிதைந்துவிடும். காகிதமும் பருத்தித் துணியும் பெராக்சைடை உறிஞ்சிவிடும் என்பதால் அவற்றை உள்ளே வைக்க முடியாது. குளுட்டரால்டிஹைடு 2 சதவீதக் கரைசலில் ஊறவைப்பது இன்னொன்று. சில பத்து நிமிடங்களில் கிடைப்பது உயர்நிலைக் கிருமிக்குறைப்பு மட்டுமே. ஸ்போரும் சாக வேண்டும் என்றால் 10 மணி நேரம் வரை ஆகும். அதன்பின் கருவியை அலசித்தான் எடுக்க வேண்டும், பொதிந்து வைக்கவும் வழியில்லை.

சின்னக் கண்ணாடி மணிகளைச் சூடாக்கி அதில் கருவி நுனியைச் சில நொடிகள் செருகும் பெட்டிகளும், நீல வெளிச்சம் எரியும் புற ஊதா அலமாரிகளும் பல இடங்களில் கிருமிநீக்க இயந்திரம் என்ற பெயரில் இருக்கின்றன. முன்னது நுனியை மட்டும் சூடாக்கும். பின்னதில் ஒளி படாத பக்கத்தில் எதுவும் நடக்காது. ஏற்கெனவே கிருமிநீக்கம் செய்த பொருளை வைக்கும் அலமாரியாக வேண்டுமானால் அது பயன்படும்.

ஆனது என்று எப்படித் தெரியும்

கிருமி நீங்கிய கருவியும் நீங்காத கருவியும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். சோதித்துப் பார்க்கப் பவுச்சைப் பிரித்தால் அந்தக் கருவி மறுபடி அசுத்தமாகிவிடும். அதனால் கருவியை விட்டுவிட்டு, அது கடந்து வந்த செயல்முறையைச் சோதிக்கிறார்கள். மூன்று அடுக்குகளாக இது நடக்கிறது.

1. இயந்திரப் பதிவு. ஒவ்வொரு ஓட்டத்திலும் வெப்பநிலை, அழுத்தம், நேரம் மூன்றையும் அச்சிட்டோ சேமித்தோ வைப்பது.

2. வேதி இண்டிகேட்டர். நிறம் மாறும் பட்டை. மக்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். பவுச்சின் மேல் ஒட்டும் டேப்பில் கோடு கறுத்தால், அது சூட்டுக்குள் போய் வந்தது என்று மட்டும்தான் தெரியும். உள்ளே போதிய நேரம் போதிய நீராவி கிடைத்ததா என்று அது சொல்லாது. அதற்குப் பவுச்சுக்குள்ளேயே வைக்கும் உயர்வகை இண்டிகேட்டர்கள் தனியாக இருக்கின்றன. வெற்றிடப் பம்பு உள்ள இயந்திரங்களில் காற்று முழுமையாக வெளியேறுகிறதா என்று தினமும் முதல் ஓட்டத்துக்கு முன் பார்ப்பது போவி-டிக் சோதனை. 1963-ல் வெளிவந்த அந்தச் சோதனை, அதை உருவாக்கியவர்களின் பெயரிலேயே நடக்கிறது. சோதனைத் தாளின் நடுவில் நிறம் மாறாமல் வெளிறி நின்றால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது. அன்று அந்த இயந்திரத்தை ஓட்டக் கூடாது.

3. உயிரியல் இண்டிகேட்டர். நீராவியை மிக அதிகம் தாங்கக்கூடிய ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்களைக் கருவிகளோடு வைத்து ஓட்டி, பிறகு அவை வளர்கின்றனவா என்று பார்ப்பது. அந்த ஸ்போரே செத்துவிட்டது என்றால் மற்றவையும் செத்திருக்கும். பல் மருத்துவமனைகளில் குறைந்தது வாரம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வழிகாட்டல். உடலுக்குள் பொருத்தும் பொருள்கள் உள்ள ஒவ்வொரு ஓட்டத்திலும் இது வேண்டும்.

மூன்றும் சரியாக வந்தாலும் ஒன்றை இவை சொல்லாது: கருவி முதலில் கழுவப்பட்டதா என்பதை. இண்டிகேட்டர் பட்டை சுத்தமான காகிதத்தில் இருக்கிறது, அழுக்குப் படிந்த மூட்டுக்குள் இல்லை.

பல் மருத்துவத்தின் தனிச் சிக்கல்கள்

இங்கே கருவிகள் சிறியவை, இடுக்குகள் மிகுந்தவை, நோயாளிகள் அடுத்தடுத்து வருபவர்கள். மிகக் கடினமானது ஹேண்ட்பீஸ். நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் காற்றுச் சுழலி நிற்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, நோயாளியின் எச்சிலும் இரத்தமும் நுண்குழாய்க்குள் இழுக்கப்படலாம். வெளியே ஸ்பிரிட்டால் துடைத்தால் உள்ளே போனது அப்படியே இருக்கும். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 20–30 நொடி தண்ணீரும் காற்றும் ஓட்டி, கழற்றி, வெளியே கழுவி, உள்ளே எண்ணெயிட்டு, மிகுந்த எண்ணெயை ஓட்டி வெளியேற்றி, பவுச்சில் போட்டு ஆட்டோகிளேவ் செய்ய வேண்டும். இதற்குப் போதுமான எண்ணிக்கையில் ஹேண்ட்பீஸ்கள் கையில் இருக்க வேண்டும். இரண்டே இரண்டு வைத்துக்கொண்டு நாள் முழுக்க நோயாளி பார்க்கும் இடத்தில் இந்த வரிசையில் ஏதோ ஒரு படி விடுபடுகிறது என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

வேர் சிகிச்சையில் பல்லுக்குள் விட்டுச் சுரண்டும் ஃபைல்களின் முறுக்குக்குள் புரதம் தங்கிக்கொள்ளும், எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போவது கடினம். இங்கிலாந்தில் 2007-ல் அவற்றை ஒருமுறை மட்டும் பயன்படுத்தும்படி சுகாதாரத் துறை அறிவுறுத்தியதற்குப் பின்னால் இருந்தது, மூளை நோயைப் பரப்பும் பிரியான் என்ற புரதத்தின் மேல் இருந்த அச்சம்.

துருவும் தேய்மானமும்

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது அரை உண்மை. அதில் உள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து மேற்பரப்பில் மிக மெல்லிய ஆக்சைடு படலமாகிறது; காப்பது அந்தப் படலம்தான். அதிலும் கத்தரி போன்ற வெட்டும் கருவிகளுக்குக் கடினப்படுத்திய எஃகு வேண்டியிருக்கிறது, அதன் துரு எதிர்ப்பு மற்ற வகைகளைவிடக் குறைவு. படலம் கீறப்பட்டாலோ குளோரைடு தொட்டாலோ புள்ளியாகத் துரு தொடங்கி உள்ளே குழியாகும். அந்தக் குழிக்குள் தூரிகை போகாது. துருப்பிடித்த கருவியோடு நல்ல கருவிகளைச் சேர்த்து வைத்தால் துகள் ஒட்டி அவையும் கெடும். பழுப்புப் புள்ளி கறையா துருவா என்று பார்க்கப் பென்சில் அழிப்பானால் தேய்த்துப் பார்ப்பார்கள். தேய்த்தால் போய், அடியில் வழவழப்பாக இருந்தால் கறை. குழி தெரிந்தால் துரு. கருவியை விலக்கிவிட வேண்டும்.

மூட்டுகளுக்கு எண்ணெய் போடுவதிலும் ஒரு விதி. சாதாரண இயந்திர எண்ணெய் படலமாகப் படிந்து நீராவியைத் தடுக்கும். இதற்கென்றே பால்போல் வெண்மையாக இருக்கும் திரவம் கிடைக்கிறது. நீராவி அதை ஊடுருவும். கழுவிய பிறகு, கிருமிநீக்கத்துக்கு முன் போட வேண்டும். மூட்டு உலர்ந்தே இயங்கினால் உலோகத்தோடு உலோகம் உரசி அங்கேயே அரிப்பு தொடங்கும்.

வேலை செய்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை அதன் கைப்பிடிப் பூட்டின் முதல் பல்லில் பூட்டி மெதுவாகத் தட்டினால் தானாகத் திறந்துகொள்ளக் கூடாது. திறந்தால், இரத்தக் குழாயைப் பிடித்திருக்கும்போதும் அது திறக்கும்.

விதிப்படி செய்தும் தவறும் இடங்கள்

சூரிக் நகரில் நடந்ததை 1977-ல் வெளியிட்டார்கள். குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்ற மூளை நோய் உள்ள ஒருவரின் மூளையில் வைத்த மின்முனைகளை ஆல்கஹாலாலும் ஃபார்மால்டிஹைடு ஆவியாலும் கிருமிநீக்கம் செய்து, இரண்டு இளம் வலிப்பு நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார்கள். இருவருக்கும் அதே நோய் வந்தது. இந்த நோயைப் பரப்புவது உயிருள்ள கிருமி இல்லை, பிரியான் என்ற உருமாறிய புரதம். ஆல்கஹாலும் ஃபார்மால்டிஹைடும் புரதத்தை அழிப்பதற்குப் பதிலாக இறுக்கிவிடும். பிரியான் சந்தேகம் உள்ள கருவிகளுக்கு 134 டிகிரியில் 18 நிமிடம், காஸ்டிக் சோடாக் கரைசல் போன்ற தனி விதிகள் இருக்கின்றன. அங்கேயும் காயவிடாமல் கழுவுவதுதான் முதல் படி. காய்ந்த பிரியான் உலோகத்தை விட்டு வருவது மிகக் கடினம்.

இன்னொன்று பித்தக்குழாய்ச் சிகிச்சைக்கான டுவோடெனோஸ்கோப். அதன் நுனியில் அசையும் சிறு தூக்கியின் பின்புற இடுக்குக்குத் தூரிகை எட்டுவதில்லை. 2010-களின் முற்பாதியில் அமெரிக்காவின் பல மருத்துவமனைகளில் இதன் வழியாக மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பரவின. சில இடங்களில் உற்பத்தியாளரின் கழுவும் குறிப்புகளை வரிக்கு வரி பின்பற்றியிருந்தார்கள். தவறு வடிவமைப்பிலேயே இருந்தது. கழற்றி எறியக்கூடிய நுனி கொண்ட மாதிரிகளுக்கு மாறும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-ல் பரிந்துரைத்தது. கழுவ முடியாதபடி ஒரு கருவியைச் செய்துவிட்டு, கழுவுபவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. மறுபயன்பாட்டுக் கருவிக்கு எப்படிக் கழுவ வேண்டும் என்ற சோதித்த வழிமுறையைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 17664 தரவிதி சொல்வது இதனால்தான்.

ஏன் ஆயிரக்கணக்கானோரை அழைக்கிறார்கள்

உயிரியல் இண்டிகேட்டர் ஒருமுறை தவறினால் இயந்திரத்தை நிறுத்தி, காரணம் பார்த்து, மறுபடி சோதிப்பார்கள். இரண்டாம் முறையும் தவறினால், கடைசியாகச் சரியாக வந்த சோதனைக்குப் பிறகு அந்த இயந்திரத்தில் போன எல்லாவற்றையும் திரும்பப் பெற வேண்டும். ஒவ்வொரு பவுச்சிலும் இயந்திர எண்ணும் ஓட்ட எண்ணும் தேதியும் எழுதியிருந்தால், எவை இன்னும் அலமாரியில் இருக்கின்றன, எவை யாருக்குப் பயன்பட்டன என்று தேட முடியும். வாரம் ஒருமுறை சோதிப்பவர் ஒரு வாரத்து நோயாளிகளைத் தேடினால் போதும்.

2013 மார்ச்சில் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் டல்சா பகுதிப் பல் அறுவை சிகிச்சையகம் ஒன்றின் மேல் விசாரணை நடந்தபோது, துருப்பிடித்த கருவிகளும், பல ஆண்டுகளாக உயிரியல் சோதனை செய்யாத ஆட்டோகிளேவும் இருந்ததாகப் புகாரில் சொன்னார்கள். சுமார் 7,000 நோயாளிகளை ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளும்படி கேட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கு இன்னொரு நோயாளியிடமிருந்து ஹெபடைடிஸ் சி பரவியது மரபணு ஆய்வில் உறுதியானது. இதுபோன்ற எண்ணிக்கையைப் பார்த்து அத்தனை பேருக்கும் தொற்று என்று நினைத்துவிடக் கூடாது. சோதனைப் பதிவே இல்லாத இடத்தில் எந்த நாளிலிருந்து பழுது என்று சொல்ல முடியாது. ஆகவே முகவரி கிடைக்கும் எல்லோருக்கும் கடிதம் போகும்.